ரெஜிஸ்டர் ஓரத்தில் காற்றின் பெயர்

"ஏளா, ஊதச் சொல்லுததுக்கு ஒரு படிப்பா?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால், நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், சங்கு குளிக்கும் சிலுவை அண்ணாச்சி என்னிடம் கேட்டது இது. மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு கேட்டதால் சளி பிடித்தவர் குரல் போல இருந்தது. பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சுள்ளென்று வரும்.

"ஆமா அண்ணாச்சி, ரெண்டு வருசப் படிப்பு. பேச்ச நிறுத்திட்டுக் குழாயக் கவ்வுங்க" என்றேன்.

கவ்வினார். ஊதினார். நான் 'ஊது ஊது ஊது' என்று கத்தத் தொடங்கி, மூச்சு வாங்கி, மறுபடி கத்தினேன். அவர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். ஐந்து லிட்டரைத் தாண்டிப் போய் நின்றது. அவருடைய உயரத்துக்கும் வயதுக்கும் நான்கு லிட்டர் இருந்தால் போதும். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "கடல்ல படிச்ச படிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த எண்ணை ரெஜிஸ்டரில் எழுதினேன். எழுதியதோடு மறந்தும் போனேன்.

போன மாதம் அந்த வேலையை விட்டேன். இப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். கேட்டு அனுப்பிய தாளில் 'பணி ஓய்வு பெற்ற செல்வி அக்கா' என்று போட்டிருந்தது. முப்பத்தொரு வயதில் ஓய்வாம்! அதை அடித்துவிட்டு எழுதுகிறேன். அவர்களில் ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கிளினிக்கில் புது மெஷின் வந்திருக்கிறது. ஊதி முடித்ததும் அதுவே பச்சையில் 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுத்துவிடும்; கையால் எழுத வேண்டியதில்லை. பழைய ரெஜிஸ்டர்களைக் கட்டி மேலே போடும்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: "அக்கா, ஒவ்வொரு நாளும் ஓரத்துல 'வாடை', 'கச்சான்'னு எழுதிருக்கீங்களே, அது எதுக்கு?"

என் அப்பாவும் அம்மாவும் முத்தையாபுரத்தில் இருந்து உப்பள வேலைக்குப் போனவர்கள். நான் பிளஸ் டூ முடித்ததும் நுரையீரல் பரிசோதனைக்கான இரண்டு வருட டிப்ளமோவில் சேர்ந்தேன். அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. படித்து முடித்த மாதமே வேலை கிடைத்தது. துறைமுகத் தொழிலாளர்கள், உப்பளத்துக்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சுப் பரிசோதனைக்கு வரும் கிளினிக் அது. டவுனுக்குள், ஒரு மாடியில்.

வேலையைச் சொல்கிறேன். காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் சிரிஞ்ச் தள்ள வேண்டும். ஊசி போடுகிற சிரிஞ்ச் இல்லை. ஒரு கை நீளத்துக்கு, உள்ளே சரியாக மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய குழல். அதை மெஷினில் செருகி ஒருமுறை வேகமாக, ஒருமுறை நிதானமாக, ஒருமுறை மிக மெதுவாகத் தள்ளுவோம். மூன்று முறையும் மெஷின் மூன்று லிட்டர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று அது சொல்லும் எதையும் நம்ப முடியாது. பிறகு அறையின் சூடு, ஈரப்பதம் எழுத வேண்டும். வருகிறவரைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து உயரம் அளக்க வேண்டும். சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, பீடி குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பட உட்கார வைத்து, மூக்கை அடைத்து, முடிந்த மட்டும் இழுக்கச் சொல்லி, வெடிப்பது போல ஊதச் சொல்லி, நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லாமல் போகிற வரைக்கும் விடாமல் கத்த வேண்டும். மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். அதில் சிறந்த இரண்டுக்கும் நூற்றைம்பது மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடியும். சாயங்காலம் எனக்குக் குரல் இருக்காது.

எங்கள் டாக்டர் பெயர் ஞானையா. நாசரேத்துக்காரர். ரிப்போர்ட்டை மேசையில் வைத்துப் படிக்க மாட்டார்; ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பார், ரூபாய் நோட்டு நல்லதா என்று பார்ப்பது போல. அதிகம் பேச மாட்டார். சாதாரணமாக எங்களை 'நீ' என்பார். 'நீங்க' என்றால் கோபம். 'நீங்க'வோடு 'அம்மா'வும் சேர்ந்தால் மிகுந்த கோபம். சேர்ந்த அன்றே ஒரு விதி சொன்னார்: "நம்பர நீ எழுது. அர்த்தத்த நான் எழுதுதேன்."

இரண்டாவது வருடம் ஒரு நாள், முத்தையாபுரம் பஸ் பிந்திவிட்டது. நான் ஓடி வந்து சேரும்போது வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். சிரிஞ்ச் தள்ளவில்லை. முந்தின நாள் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு முதல் ஆளைக் கூப்பிட்டேன். அன்று வந்த பதினொரு பேரும் குறைவாக ஊதினார்கள். துறைமுகத்து ஆட்கள்தானே, தூசிதானே என்று நினைத்தேன். அதில் கிரேன் ஓட்டுகிற ஒருவரிடம், இனி மேலே ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் எங்கள் மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் டாக்டர் தானே வந்து சிரிஞ்சை எடுத்துத் தள்ளினார். இரண்டே முக்கால் காட்டியது. குழாயில் மயிரிழை அளவு விரிசல்.

"நீங்க இன்னிக்கு சிரிஞ்ச் தள்ளுனீங்களா அம்மா?"

"இல்ல சார்."

"பதினோரு பேரும் நாளைக்கு இங்கன வரணும். நீங்களே போன் போடுங்க. எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பதினொரு பேருக்கும் போன் போட்டேன். என் தப்பு என்று பதினொரு முறை சொன்னேன். கிரேன்காரர் மறுநாள் நன்றாக ஊதினார். போகும்போது, "ஒரு ராத்திரி முழுக்க என்ன வேலையில்லாதவனா ஆக்கிட்டியே தாயி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தத் தப்புதான் பிறகு என்னை நடத்தியது. யார் குறைவாக ஊதினாலும் நான் முதலில் சந்தேகப்படுவது மெஷினைத்தான். மூன்றாவது வருடம் தை மாதத்தில் ஒரு காலை, ஒன்பது பேரில் ஐந்து பேர் குறைவாக ஊதினார்கள். உடனே நிறுத்திவிட்டு சிரிஞ்ச் தள்ளினேன். மூன்று லிட்டர். குழாயை மாற்றித் தள்ளினேன். மூன்று லிட்டர். கடைசியாக நானே உட்கார்ந்து ஊதினேன். மெஷினைச் சோதிக்க நாங்கள் வாரம் ஒருமுறை ஊதுவது உண்டு. என் எண் எனக்கு மனப்பாடம். அன்று என் எண்ணும் இறங்கியிருந்தது.

மெஷின் சரி. அப்படியென்றால் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக வேறு ஏதோ மாறியிருக்கிறது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன்.

"இன்னிக்கு என்ன காத்துப்பா?"

"வாடை. மூணு நாளா. ஆனா வெயிலப் பாத்தியா? பால்ல தண்ணி ஊத்துன மாரி இருக்கு. இப்படி அடிச்சா பாத்தியில தண்ணி எப்ப வத்த, எப்ப உப்பு வெளைய?"

உப்பளத்துக்காரருக்கு வெயில் மங்கினால் முதலில் தெரிந்துவிடும். மறுநாளிலிருந்து ரெஜிஸ்டர் ஓரத்தில் காற்றின் பெயரை எழுதத் தொடங்கினேன். வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல். வெயில் மங்கலாக இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி.

டாக்டர் கண்ணில் பட மூன்று வாரம் ஆனது.

"நீங்க பஞ்சாங்கமா எழுதுதீங்க அம்மா?"

"மெஷின் சரியா இருக்குன்னு காட்டத்தான் சார். மெஷின் சரியா இருந்தும் கொறஞ்சா, வேற காரணம் வேணும்லா?"

ரெஜிஸ்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பக்கங்களைத் திருப்பினார். எழுதாதே என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு போனில் ஒரு படம் காட்டினார். வானத்திலிருந்து எடுத்தது. வட இந்தியச் சமவெளி முழுக்கச் சாம்பல் நிறம். அது வங்காள விரிகுடாவுக்குள் இறங்கி, கடல் மேலேயே நீண்டு, நுனி நம் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இது நம்ம ஊருத் தூசி இல்ல" என்றார். அறுவடை முடிந்த வயலில் எரித்த நெல்தாள், செங்கல் சூளை, அனல் மின் நிலையம், லட்சக்கணக்கான வண்டி எல்லாவற்றின் புகையும் சேர்ந்து வாடைக்காற்றில் ஏறி வருகிறது என்று அவர் சொன்னதுதான் நான் அவரிடம் கேட்ட மிக நீளமான பேச்சு.

இந்த இடத்தை வாசிக்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நம் ஊரில் தூசி என்றால் எல்லோரும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆடி மாதம் கச்சான் அடிக்கும்போது தேரிக்காட்டுச் செம்மண் பறந்து வந்து ஜன்னல் கட்டையில் படியும், சோற்றில் நறநறக்கும், எல்லோரும் தும்முவார்கள், திட்டுவார்கள். நிலக்கரித் தூள் கறுப்பாகத் துணியில் ஒட்டும். இவை கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. வீசிங் உள்ளவர்களை அவை படுத்துகிற பாட்டைத் தினமும் பார்த்திருக்கிறேன். உள்ளூர்ப் புகைக்கு உள்ளூர்க்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பெரிய தூசியில் பாதியை மூக்கு பிடித்துவிடும். தொண்டைச் சளி இன்னும் கொஞ்சத்தைப் பிடித்து வெளியே தள்ளும். தொலைவிலிருந்து வருவது அப்படி இல்லை. பெரியதெல்லாம் வழியிலேயே விழுந்துவிட, மிக நுண்ணியது மட்டும்தான் அவ்வளவு தூரம் வந்து சேர்கிறது. அது ஜன்னல் கட்டையில் படியாது. நான் வெள்ளைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மூக்கிலும் தங்காது. நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்கார்ந்து அங்கே வீக்கத்தை உண்டாக்கும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து இதயத்தையும் தொடும். வெயில் வெளுத்து, கரைக்கு எதிரே இருக்கும் முயல் தீவு கண்ணுக்குத் தெரியாமல் போகிற அந்த நாட்களில் தும்மல் இல்லை, இருமல் இல்லை, புகார் இல்லை. ஊதும்போது மட்டும் எண் இறங்கும். மறுநாளும் இறங்கியிருக்கும்.

ரெஜிஸ்டர் இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

எட்டாவது வருடத்தில் சிலுவை அண்ணாச்சி மறுபடி வந்தார். நடுவில் ஏழு வருடம் அவர் பரிசோதனைக்கே வரவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு குளியாளும் உடல் தகுதிச் சீட்டு கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். அவர் போட்டில் அவர்தான் முதல் குளியாள். சங்கு எங்கே கிடக்கிறது என்று அவர் இறங்கிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்ற ஐந்து பேர் இறங்குவார்கள். அவர் இல்லாமல் போட் போகாது.

"இன்னும் இங்கனதான் ஊதச் சொல்லிக்கிட்டு இருக்கியா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஊதினார். இந்த முறை நான் கத்தி முடிக்கும் முன்பே அவர் முடித்துவிட்டார். மூன்று முறையும் நான்கு லிட்டர். மெஷின் கணக்குப்படி அவர் வயதுக்கும் உயரத்துக்கும் அது நூற்றுக்கு நூற்று மூன்று. டாக்டர் ஜன்னலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நார்மல். ஃபிட்" என்று பேனாவைத் திறந்தார்.

எனக்குள் எதுவோ உறுத்தியது. அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தது.

"சார், எழுதுததுக்கு முன்னால பழைய ரெஜிஸ்டர் ஒண்ணு பாக்கணும்."

"நீங்க அர்த்தம் சொல்லப் போறீங்களா அம்மா?"

"நம்பர்தான் சார் சொல்லப் போறேன்."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து முதல் வருட ரெஜிஸ்டரை எடுத்து வந்தேன். ஐந்து லிட்டருக்கு மேல், என் கையெழுத்தில், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியோடு. இரண்டையும் அருகருகே வைத்தேன். வயது ஏறினால் எல்லோருக்கும் மூச்சு குறையும்; வருடத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவு. இவருக்கு ஏழு வருடத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போயிருந்தது, ஒரு தண்ணீர் பாட்டில் அளவு. மெஷின் அவரை ஊரில் நடமாடும் சாதாரண ஆளோடு ஒப்பிட்டு 'நன்றாக இருக்கிறார்' என்றது. அவர் சாதாரண ஆளாக என்றைக்கும் இருந்ததில்லை. தன் மூச்சில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துதான் அவர் சாதாரண ஆளாகியிருந்தார்.

டாக்டர் இரண்டு ரெஜிஸ்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"நீ உக்காரு" என்றார். டாக்டர் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

சிலுவை அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். மூச்சுக் குழாய் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. மருந்து எடுக்க வேண்டும். ஆறு வாரம் இறங்கக் கூடாது. பிறகு மறுபடி ஊதிப் பார்க்கலாம்.

"நார்மல்னு போட்ருக்கே சார், நானே பாத்தேனே."

"ஓமக்கு நார்மல் இல்ல."

"திங்கக்கிழமை போட் போகுது. அஞ்சு குடும்பம் என் முகத்தப் பாத்துக்கிட்டு இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சும்மா இருந்தா சீட்டு கெடச்சிருக்கும். என்ன பகை ஒனக்கு எம்மேல?"

"பகை இல்ல அண்ணாச்சி. கீழ இருந்து ஏறும்போது நெஞ்சுக்குள்ள இருக்க காத்து விரியும். குழாய் சுருங்கியிருந்தா வெளிய வர வழி கெடைக்காது. உள்ளயே கிழிச்சிரும்."

"எனக்குக் கடலப் பத்திச் சொல்லித்தாரியா?" எழுந்து போய்விட்டார். அடுத்த நாளே வேறு இடத்தில் ஊதிச் சீட்டு வாங்கிவிட்டார். வாங்கத்தான் முடியும். எங்கே ஊதினாலும் நூற்று மூன்று, நார்மல். அவருடைய ஐந்து லிட்டர் எங்கள் அலமாரியில் மட்டும்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் திரேஸ்புரத்தில் சிலுவை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கோவில் விட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மனைவி ஜெசிந்தா அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கையோடு ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் கொண்டுபோயிருந்தேன். உள்ளங்கை நீளப் பிளாஸ்டிக் குழல், ஊதினால் ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும், அவ்வளவுதான்.

"எறங்காதீங்கன்னு சொல்ல வரல. சொன்னாக் கேக்க மாட்டீங்க. எறங்குததுக்கு முன்னால ஒரு ஊது, ஏறி வந்து ஒரு ஊது. நம்பர ஞாபகம் வச்சு வந்து சொல்லுங்க, அக்கா எழுதட்டும். என்ன காத்துன்னும் எழுதணும்."

"எனக்கு எதுக்குளா இந்தப் பீப்பி?" என்று அண்ணாச்சி சிரித்தார். ஆனால் ஜெசிந்தா அக்கா குழலை வாங்கிக் குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். "நாலு மாசமா மாடிப்படியில நின்னு நின்னு ஏறுதாக. கேட்டா செருப்பு சரியில்லங்காக" என்றார் என்னிடம், கணவர் காதில் விழும்படியே.

"கரையிலதான் மூச்சு முட்டுது. தூசி. கடலுக்குள்ள போயிட்டா ஒண்ணும் இல்ல. கடலுக்குள்ள எங்க தூசி?" என்றார் அண்ணாச்சி.

உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். எத்தனையோ பேரிடம் 'கடல் காத்து வாங்குங்க' என்று நானே சொல்லியிருக்கிறேன். தண்ணீருக்குள் இருந்தால் எண் ஏறியிருக்கும், கரைக்கு வந்தால் இறங்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜெசிந்தா அக்கா நோட்டைக் கொண்டுவந்தார். தலைகீழாக இருந்தது. கொண்டல் அடித்த தெளிவான நாட்களில் இறங்குமுன்னும் ஏறிய பின்னும் ஏறக்குறைய ஒரே எண். வாடை அடித்து வெயில் வெளுத்த நாட்களில் இறங்குமுன்பே குறைவு. ஏறி வந்த பிறகு இன்னும் குறைவு. தூசியே இல்லாத இடத்துக்குப் போய் வந்தவருக்கு ஏன் கூடுதலாகக் குறைய வேண்டும்? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் போட்டைப் பார்க்கப் போனேன்.

"மூச்சு எங்க இருந்து வருது உங்களுக்கு?"

கம்ப்ரசரைக் காட்டினார். முன்பக்கம் அணியத்தில் கட்டியிருந்தார்கள், என்ஜின் புகை படாமல் இருக்க. அது காற்றை இழுக்கும் வாயில் ஒரு பழைய லுங்கித் துணி இரண்டு மடிப்பாகச் சுற்றியிருந்தது. அங்கிருந்து நீளமான டியூப். குளியாள் பல்லால் கவ்விக்கொண்டு இறங்குவது அதைத்தான். அன்றும் வாடை. சூரியன் வெள்ளைப் பீங்கான் தட்டுப் போல இருந்தது. கண் கூசாமல் பார்க்க முடிந்தது.

"அண்ணாச்சி, ஒரு பலூன ஊதிக் கீழ பத்து மீட்டர் கொண்டு போனா என்ன ஆகும்?"

"பாதியாச் சுருங்கும். இது தெரியாதா?"

"அதுக்குள்ள இருந்த காத்து எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அமுங்கி உள்ளதான் இருக்கு."

"அப்ப அங்கன நீங்க நெஞ்சு நெறைய ஒரு மூச்சு இழுத்தா, மேல இழுக்கதுல ரெண்டு மூச்சு உள்ள போகுது. காத்து ரெண்டு மடங்குன்னா, இந்தத் துணிக்குத் தப்புன தூசி?"

அவர் சூரியனைப் பார்த்தார். கம்ப்ரசரைப் பார்த்தார். போட்டில் இருந்த மற்றவர்கள் வலையை உதறுவதை நிறுத்தியிருந்தார்கள். லுங்கித் துணியை அவிழ்த்து விரித்துப் பார்த்தார். காற்று பட்ட இடம் வட்டமாகச் சாம்பல் பூத்திருந்தது. நான் பஞ்சால் துடைத்தபோது எனக்குத் தெரியாதது, மாதக்கணக்கில் கம்ப்ரசர் இழுத்த துணியில் தெரிந்தது.

"மிக்கேல் மேல வந்தப்ப வாயில ரத்தம்" என்றார் மெதுவாக. மிக்கேல் அவருடைய மைத்துனன், ஜெசிந்தா அக்காவின் தம்பி. மூன்று வருடத்துக்கு முன்னால் குளிக்கப் போய் இறந்தவன். "இதே மாரி வெள்ள வெயிலு. சடக்குன்னு ஏறிட்டான், அதான்னு சொன்னோம்."

மிக்கேலுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல இங்கே எழுதவும் மாட்டேன். அவன் ஊதிய எண் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை.

அன்று சிலுவை அண்ணாச்சி இறங்கவில்லை. மற்றவர்களையும் இறங்க விடவில்லை. மறுநாள் காலை டாக்டர் முன்னால் வந்து நின்று, "மருந்து எழுதுங்க" என்றார். ஆறு வாரம் இன்ஹேலர் இழுத்தார். மறுபடி ஊதியபோது நான்கரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. "போனது வராது. இருக்கத வச்சுக்கிடணும்" என்றார் டாக்டர். ஐந்து லிட்டர்க்காரருக்கு இதைக் கேட்பது எளிதில்லை. பிறகு எங்கள் மாடிப்படியில், கிரேன்காரர் உட்கார்ந்த அதே படியில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இந்த முறை எண்ணில் தப்பு இல்லை.

அவர் இப்போது குளிப்பதில்லை. அதே போட்டில் கம்ப்ரசர் பார்க்கிறார். துணியை எடுத்துவிட்டு முறையான ஃபில்டர் மாட்டி, அதை மாற்ற வேண்டிய நாளைக் கம்ப்ரசர் மேலேயே பெயிண்டால் எழுதியிருக்கிறார். சங்கு இருக்கும் இடத்தை மேலிருந்தே சொல்லக் கற்றுக்கொண்டார். வெயில் வெளுத்த நாளில் என்ஜினைத் தொட மாட்டார். "இவருக்கு வெயில் கண்ணு கூசலைன்னா நமக்கு லீவு" என்று ஆட்கள் அவரைத் திட்டிக்கொண்டே போட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள்.

புது மெஷின் வந்தபோது, இந்த வேலையை விட வேண்டும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அது நல்ல மெஷின். குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளியாட்களுக்கு வேண்டியது ஊராரின் சராசரி இல்லை. அவரவருடைய சொந்த எண். அதை அவர்கள் நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். அதற்கு அவர்கள் மாடியேறி வருவார்கள் என்று காத்திருந்தால் ஏழு வருடம் ஆகும். டாக்டரிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். சங்கத்தில் வலை வைக்கும் கொட்டடிக்குப் பக்கத்து அறையைப் பரிசோதனைக்குத் தர ஒத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னேன். அவர் எழுந்தார். உள்ளே போய், பழைய மெஷினையும் மூன்று லிட்டர் சிரிஞ்சையும் தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க அம்மா. ரிப்போர்ட்ட எனக்கு அனுப்புங்க, நான் பாக்கேன்."

கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை.

போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அறையைத் திறந்தேன். சிரிஞ்ச் தள்ளினேன்: மூன்று, மூன்று, மூன்று. புது ரெஜிஸ்டரில் காற்றுக்குத் தனிப் பத்தியே கோடு போட்டு வைத்திருக்கிறேன். இனி ஓரத்தில் எழுத வேண்டியதில்லை. வாசலில் பதினான்கு குளியாட்கள். ஆட்களை வரிசையில் நிறுத்துகிறேன் என்று சொல்லி சிலுவை அண்ணாச்சி வந்திருந்தார், நிறுத்தியதோடு நிற்கவில்லை. முதல் ஆள் குழாயைக் கவ்வியதும் அண்ணாச்சி அவர் காதருகே குனிந்து, "ஊதுலே! ஊதுலே! விடாதலே!" என்று அலறினார். அந்த ஆள் பயந்து இருமி, குழாயைத் துப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, மொதல்ல முழுசா இழுக்க விடணும். அதுக்கப்புறந்தான் கத்தணும்."

"இதுக்கெல்லாம் மொறை இருக்கா?"

"ரெண்டு வருசம்" என்றேன்.

ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். அந்த ஆள் மறுபடி கவ்வினார், இழுத்தார். நான் கத்தினேன். மூன்று முறை ஊதி முடித்ததும் ரெஜிஸ்டரின் முதல் வரியில் பெயரையும் எண்ணையும் எழுதினேன். காற்றின் பத்தியில் 'கொண்டல், தெளிவு' என்று எழுதிவிட்டு இரண்டாவது ஆளைக் கூப்பிட்டேன்.